டவ்டெயில்: புறாவாலா, மீன்வாலா?

> அந்த டேனிய நூலக மேசைக் குறிப்பில் டவ்டெயிலுக்குப் ‘புறாவால் இணைப்பு’ என்றே போட்டுவிடலாமா?

ஐயா, வணக்கம்.

டவ்டெயில் (dovetail: dove புறா, tail வால்) என்பது இரண்டு மரப்பலகைகளை வால்போன்ற வடிவில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் தச்சு முறை. அதற்கு அந்தப் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. ‘புறாவால் இணைப்பு’ என்று படிக்கிறவர் ‘புறாவினால் ஆன இணைப்பு’ என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார். வால் சேர்ந்தாலும் புறாவால், ஆல் உருபு சேர்ந்தாலும் புறாவால். நேற்று இன்னொரு நண்பர் சொன்ன ‘விரிவால்’ அழகான வினைத்தொகை. ஆனால் அதிலும் இதே சிக்கல்: விரிவு + ஆல்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இழுப்பறையை உருவி வெளியே வைத்துப் பக்கவாட்டில் எடுத்திருக்கிறீர்கள். பக்கப் பலகையின் ஓரத்தில் நான்கு வால்கள். ஒவ்வொன்றும் அடியில் ஒடுங்கி, நுனியில் அகன்று, முகப்புப் பலகைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடியைப் பிடித்து எத்தனை முறை இழுத்தாலும் முகப்பு மட்டும் கையோடு வந்துவிடாதது இந்த அகலத்தால்தான். பசை விட்டுப்போனாலும் மரம் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். வால்களுக்கு நடுவே உள்ள முளைகள் பென்சில் முனைபோல் மெலிந்திருக்கின்றன, இடைவெளியும் ஒன்றுபோல் இல்லை. வெட்டுவதற்கு முன் தச்சர் கீறிய கோடுகூட அழியவில்லை. கைவேலை என்றே நினைக்கிறேன். 1950களின் மேசை என்கிறீர்கள். கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி வைத்து இப்படிப்பட்ட வேலையைக் காட்டிய காலம் அது.

இந்த வடிவத்தில் புறாவைப் பார்த்தது ஆங்கிலம். டேனியரும் ஜெர்மானியரும் பார்த்தது தகைவிலான் குருவியின் வாலை. சுவீடிஷிலும் ஃபின்னிஷிலும் இது சால்மன் மீனின் வால். அவரவர் கண்ணில் பட்ட வாலை அவரவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் நமக்குப் பழகியதை எடுப்போமே! வஞ்சிரத்தைத் துண்டு போட்டபின் மிஞ்சும் வாலைப் பாருங்கள், ஒடுங்கி வந்து சட்டென்று அகலும். இலக்கணமும் இடிக்காது: மீன் + ஆல் என்றால் மீனால், மீன் + வால் என்றால் மீன்வால்.

‘இணைப்பு’ மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இணையத்துக்கும் போய்விட்டது. மரத்துக்குப் ‘பொருத்து’ இருக்கட்டும். ஆக, ‘மீன்வால் பொருத்து’. உங்கள் மேசையில் இருப்பதுபோல முகப்பில் தெரியாமல் செய்வது ‘மறை மீன்வால்’.

ஆங்கிலத்தில் மீன்வால் உளி என்று ஒன்று உண்டே, குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பாது. மறை மீன்வாலின் உள்மூலைகளைச் செதுக்கி எடுக்கத் தோதான உளியே அதுதான். இரண்டும் ஒரே குடும்பப் பெயரில் இருப்பது நல்லது.

அப்புறம், உங்கள் வரைவில் ‘டீக்’ என்று இருப்பதைத் தேக்கு என்று மாற்றிவிடுங்கள். மலையாளமும் தமிழும் வழங்கும் நம் பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல் அது.

பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது ‘மீன்வால்’ என்று ஒரு தச்சரிடம் சொல்லிப் பார்த்து, விளக்காமலே அவருக்குப் புரிகிறதா என்று இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.