தறிச் சத்தத்தில் பல வருட வேலை: இருட்டில் தள்ளாடுவதற்கு அதுதான் காரணமா?

தறிக்கூடம்:
நாடா போட்ட விசைத்தறி, 8 மணி நேர ஷிப்ட். ஓட்டுபவரின் காதருகே 97 டெசிபல். 20 வருடத்துக்கு மேல் ஓட்டும் ஒருவருக்கு ஆடியோகிராமில் (கேட்கும் திறன் சோதனை) இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம், அதாவது அந்த ஒலியில் கேட்கும் திறன் குறைவு. தலை சுற்றுவதில்லை. ஆனால் கரண்ட் போனாலோ, முகம் கழுவக் கண்ணை மூடினாலோ தள்ளாடுகிறார். காதில் வெந்நீர், குளிர்நீர் விட்டுப் பார்க்கும் சோதனை நார்மல். அப்போ சத்தம் காரணமில்லைன்னு விட்டுடலாமா?

செவிமேசை:
விடக் கூடாது. அந்தச் சோதனை பார்ப்பது உள்காதின் சமநிலை உறுப்புகளில் ஒரு அரைவட்டக் குழாயை மட்டும். சத்தத்தில் அடிபட அதிக வாய்ப்புள்ளது சாக்யூல் என்ற இன்னொரு சமநிலைப் பை. நடுக்காதின் அங்கவடி எலும்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு செர்விகல் வெம்ப் என்ற சோதனை எடுக்க வேண்டும்: 500 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்து, இறுக்கிய கழுத்துத் தசையில் அலையைப் பதிவு செய்வார்கள். முதலில் டிம்பனோகிராம் (நடுக்காதுச் சோதனை) அவசியம். நடுக்காதில் கோளாறு இருந்தால் சாக்யூல் நன்றாக இருந்தும் அலை வராது.

சுற்றல் இல்லாதது ஆச்சரியமில்லை. இரு பக்கமும் ஒரே அளவில் குறைந்தால் மூளைக்கு இடவல வித்தியாசம் தெரியாது. கண்ணும் பாதமும் ஈடுகட்டும். இருட்டில் கண் போய்விடுகிறது.

பாதி_நம்பிக்கை:
எல்லாவற்றையும் தறி தலையில் போடாதீங்க. வெம்ப் குறைந்தாலும் இந்த ஆளுக்குச் சத்தம்தான் காரணம் என்று அது நிரூபிக்காது, வயதானாலும் குறையும். சர்க்கரை இருந்தால் பாத நரம்பும் கெட்டிருக்கலாம், கால் பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை வைத்து அதிர்வு தெரிகிறதா பாருங்க. பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால், படுத்து எழுந்த 1, 3 நிமிடத்தில் பிரஷர் இறங்குகிறதா பார்க்கணும். சத்தம் கேட்ட அந்த நொடியே உலகம் ஆடினால் அது வேறு கதை, காதெலும்பு சி.டி. தேவை.

அளவுமானி:
97 டெசிபலுக்கு நம் தொழிற்சாலை விதி 3 மணி நேரம்தான் தருகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்கில் அரை மணி. டப்பாவில் 29 டெசிபல் குறைக்கும் என்று போட்ட நுரைக் காதடைப்பான் நடைமுறையில் (29−7)÷2, அதாவது 11 தான் குறைக்கும். அதுவும் ஒழுங்காகப் போட்டால்: மெல்லிசாக உருட்டி, எதிர்க்கையால் காதை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு 30 நொடி பிடிக்கணும். பஞ்சு வைப்பது வீண்.

தறிக்கூடம்:
ஸ்டெமெட்டில் (தலைசுற்றல் மாத்திரை) தினமும் போடுகிறாரே?

செவிமேசை:
சுற்றலே இல்லாதவருக்கு அது எதற்கு? நாள்கணக்கில் போட்டால் மூளை ஈடுகட்டப் பழகுவதைத் தாமதப்படுத்தும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு நிறுத்தச் சொல்லுங்க. அந்த ஈடுகட்டலுக்கு உதவுவது பயிற்சிதான்: கட்டைவிரலை நீட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடவலமாக ஆட்டணும், பிசியோ காட்டிக் கொடுத்தபடி, நாளில் பல தடவையாக மொத்தம் 20 நிமிடம். தள்ளாட்டம் குறையும்வரை அவரை ஏணியில் ஏற்ற வேண்டாம்.