பொருள் சொல்வதற்கு முன்னால்: ஆங்கில வகுப்பு அனுபவங்கள்

வேதாரண்யம் பக்கம், பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியை

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வரும், ஆங்கிலத்தில் எழுதிய கல்கத்தாக் கவிஞர் தோரு தத்தின் சவுக்கு மரக் கவிதையை வழக்கமாக எப்படி நடத்துவோம்? கவிஞர் குறிப்பு, ஸ்டான்ஸா வாரியாகத் தமிழில் பொருள், சிமிலி, மெட்டஃபர் என்று உவமை உருவகங்கள், அப்புறம் கைடில் இருக்கும் பாராகிராஃப். நாலு பீரியடில் முடிந்துவிடும். இந்த முறை புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. "உங்களுக்குத் தெரிந்த ஒரு மரத்தைப் பற்றி எழுதுங்கள், தமிழோ ஆங்கிலமோ எது வந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பிள்ளைகள் 2018 கஜா புயலைச் சின்ன வயதில் பார்த்தவர்கள். பாதிப் பேர் விழுந்த மரத்தைத்தான் எழுதினார்கள். கொல்லை மாமரம் மாட்டுக்கொட்டகை மேல் சாய்ந்ததையும், அதை வெட்ட அப்பாவுக்கு மனம் வராமல் அப்படியே கிடந்ததையும் ஒரு பெண் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் ஆறு வரி, மீதி தமிழ்.

அதற்குப் பிறகுதான் கவிதைக்குள் போனோம். மலைப்பாம்பு போலக் கொடி சுற்றிய மரம், உச்சியில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் குரங்கு, இரவெல்லாம் பறவைப் பாட்டு. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "டீச்சர், சவுக்கை நாலஞ்சு வருஷத்துல வெட்டிடுவோமே, இவங்க மரம் எப்படி இவ்ளோ பெருசாச்சு?" என்றான். அவன் வீட்டில் சவுக்கு போட்டிருக்கிறார்கள். எந்தக் கைடிலும் இந்தக் கேள்வி கிடையாது, ஆனால் கவிதைக்கு வாசலே அதுதான். கல்கத்தாவில் தோட்ட வீட்டில் நின்ற மரம் அது, விற்க வளர்த்ததில்லை. அதன் அடியில் தோருவோடு விளையாடிய அண்ணன் 1865-இல் இறந்துபோனார், அக்கா 1874-இல். தோரு 1877-இல் போகும்போது வயது 21. இதைச் சொன்னதும், "டிபியா டீச்சர்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஆமாம், காசநோய்தான்.

மார்க் ஏறியதா என்று கேட்பீர்கள். பெரிதாக இல்லை. பாராகிராஃப் கேள்வியை எழுதாமலே விட்டுவிட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

தருமபுரி மாவட்டம், பத்தாம் வகுப்பு ஆசிரியர்

மேடம் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. என்னிடம் இருப்பது பத்தாம் வகுப்பு. அரையாண்டு முடிந்ததும் மெல்லக் கற்போர் பட்டியல், பாஸாக மட்டும் போதுமான மினிமம் மெட்டீரியல், காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ். அங்கே போய் "மனதில் பட்டதை எழுது" என்றால் ஹெச்எம் என்னைத்தான் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்.

ஆனாலும் ஜூன், ஜூலையில் கொஞ்சம் இடம் இருக்கிறது. முதல் பாடமே பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சின் கதை. அப்பா அம்மா சாப்பாடு தராமல் பட்டினி போடுவார்கள், கடைசியில் அம்மா மீனைக் காட்டிக் குஞ்சைப் பறக்க வைக்கும். அதை அம்மாப் பறவை சொல்வது மாதிரி எழுதச் சொன்னேன். எங்கள் பிள்ளைகள் பலர் கடலையே பார்த்ததில்லை, அதில் ஒன்றும் குறையவில்லை. ஒருத்தி, "அன்று நானும் சாப்பிடவில்லை, அது அவனுக்குத் தெரியாது" என்று அம்மாப் பறவையைப் பேச வைத்திருந்தாள். மூலக்கதையில் அப்படி ஒரு வரி கிடையாது.

திருத்துவதுதான் பெரிய பாடு. மூன்று செக்‌ஷன் நோட்டு. எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் சுழித்தால் பையன் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறான். அதனால் ஒரு தடவை இறந்தகால வினையை மட்டும் பார்ப்பது, அடுத்த தடவை வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மற்ற பிழைகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விடவேண்டும். ஆசிரியர் கைக்கு அது லேசில் வராது.

கலைக் கல்லூரி, பார்ட் டூ (எல்லாத் துறைக்கும் பொதுவான) இங்கிலீஷ் எடுப்பவர்

பள்ளியில் இப்படி எழுதிவிட்டு வருகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை, எங்களிடம் வருகிறவர்கள் முதல் நாளே "சம்மரி டிக்டேட் பண்ணுங்க மேம்" என்றுதான் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சி ஆசிரியர் பீட்டர் எல்போ 1973-இல் ஒரு புத்தகத்தில் ஃப்ரீரைட்டிங் முறையை விளக்கினார். பத்து நிமிடம் கையை நிறுத்தாமல் எழுது, திருத்தாதே, ஒன்றும் தோன்றாவிட்டால் தோன்றவில்லை என்பதையே எழுது. அதை அப்படியே தமிழ் மீடியத்திலிருந்து வந்த முதலாண்டு வகுப்பில் இறக்கினால் மூன்றாவது நிமிடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. பக்கம் முழுக்க "ஐ டோன்ட் நோ". பாவம், அவர்கள் விதியைத்தான் பின்பற்றினார்கள்! வார்த்தை கிடைக்காத இடத்தில் தமிழிலேயே போட்டுவிட்டு மேலே போகலாம் என்று மாற்றினேன், ஓடியது. அப்புறம் அந்தத் தமிழ்ச் சொற்களுக்கு மட்டும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஆங்கிலம் தேடச் சொன்னேன். ஒரு வாரம் அகராதி இல்லாமல் வந்தவனைப் பார்க்க முடியவில்லை.

பிழைகளைப் பற்றி தருமபுரி சார் சொன்னதற்கு ஒரு கூடுதல் தகவல். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் அந்த நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அங்கே பாடம் எடுத்த மினா ஷானசி சுமார் 4,000 மாணவர் கட்டுரைகளை எடுத்துவைத்து, பிழைகள் ஏனோதானோ என்று வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாணவர் போட்ட ஒரு கணக்கு இருக்கிறது என்று 1977-இல் எழுதினார். நம் பிள்ளைகளையே பாருங்கள். 'தி' விடவேண்டிய இடத்தில் விடாமல் போடுவார்கள், போடவேண்டிய இடத்தில் விடுவார்கள். தமிழில் 'தி', 'ஏ' மாதிரி ஆர்ட்டிகிள் கிடையாது, வேறு எப்படி வரும்? "ஏன் இங்கே போட்டாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் சொல்கிறார்கள். காரணம் தப்பாக இருக்கும், ஆனால் காரணம் இருக்கும். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

துறையில் என்ன சொன்னார்கள் என்றால், "இதை சிலபஸில் எந்த யூனிட்டில் காட்டப் போகிறீர்கள்?"

சிங்கப்பூர், இலக்கிய டியூஷன் ஆசிரியை

இங்கே பள்ளி இறுதியில் எழுதும் ஓ லெவல் தேர்வின் இலக்கியத் தாளில் மாணவர் முன்பின் பார்த்திராத பகுதியைக் கொடுத்து எழுதச் சொல்லும் கேள்வி உண்டு. கைடு கிடையாது, தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். பீல் என்று ஒரு சட்டகம்: கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு. அதில் எந்தக் கவிதையைப் போட்டாலும் ஒரே பாராகிராஃப் வெளியே வரும். நாற்பது தாளைத் திருத்தினால் எது யாருடையது என்றே தெரியாது.

கவிஞர் பெயரை மறைத்துக் கவிதையை மட்டும் கொடுக்கும் வேலையை 1920-களில் கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் செய்து பார்த்தார். நன்றாகப் படித்த மாணவர்களே கண்டபடி தடுமாறியதை 1929-இல் புத்தகமாகவே போட்டார். என் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் ஒரே சந்தோஷம்.

நான் செய்வது சின்ன வேலைதான். பீல் எழுதுவதற்கு முன்னால், கவிதையில் புரியாத ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அது ஏன் புரியவில்லை என்று எழுதவேண்டும். புரிந்ததைப் பற்றி எழுதும்போது எல்லாரும் ஒன்றையே எழுதுகிறார்கள். புரியாதது ஆளுக்கு ஆள் வேறு.

திருப்பூர், ஏற்றுமதி நிறுவன மெர்ச்சண்டைசர்

நான் ஆசிரியர் இல்லை, மன்னிக்கவும். எல்லாரும் மனப்பாடத்தைத் திட்டுகிறீர்கள், அதற்காகத்தான் வந்தேன். எங்கள் சார் மெமரி போயம் ஒப்பிக்காமல் வீட்டுக்கு விடமாட்டார். அர்த்தம் சொன்னாரா, ஞாபகம் இல்லை. உலகமே நாடக மேடை என்கிற அந்த ஷேக்ஸ்பியர் பகுதியின் ஓசை இன்னும் வாயில் இருக்கிறது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு (buyer) ஆங்கிலத்தில் பேச முதலில் தைரியம் கொடுத்தது அந்த ஓசைதான், கட்டுரை இல்லை. அர்த்தம் கல்யாணத்துக்கு அப்புறம் தானாகப் புரிந்தது.

தருமபுரி

திருப்பூர்க்காரர் சொல்வதில் எனக்கும் பாதி உடன்பாடு. மேடம், உங்கள் மரக் கேள்வியை எங்கள் ஊரில் போட்டால் மொத்த வகுப்பும் புளியமரம், அதில் ஒரு பேய் என்று எழுதிவிடும். நீங்கள் அப்படியே "ஒரு மரம்" என்று மட்டும்தான் கேட்டீர்களா?

வேதாரண்யம்

இல்லை சார், மூன்றாகப் பிரித்துக் கேட்டேன். அந்த மரத்தடியில் யார் உட்கார்வார்கள்? அங்கே எந்த நேரத்தில் என்ன சத்தம் கேட்கும்? இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமாக எழுதினார்கள். பேய் வந்தால் வரட்டும். உங்கள் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே ராத்திரி வீட்டுக்குள் பேய் வந்த கதை ஒன்று இருக்கிறது, புளியமரப் பேய்த் தாள்களைக் கட்டி எடுத்துவைத்து அந்தக் கதை நடத்தும் அன்றைக்கு வெளியே எடுங்கள்.