ஹுய்-கான்: ‘பின்சுவை’ போதாது, ‘ஊறினிப்பு’ என்கிறேன்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சீனத்து ஊலாங் தேநீரின் சுவையைச் சொல்லும் சீனச் சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நேற்றிரவு ஒருசேரப் படித்தேன். கசப்பு, துவர்ப்பு இரண்டிலும் நமக்குச் சிக்கலே இல்லை. சீனர்கள் ‘கூ’, ‘ஸெ’ என்று பிரித்துச் சொல்வதை நாமும் அப்படியே பிரித்துச் சொல்கிறோம். வாழைப்பூவையும் பாகற்காயையும் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. தடுமாற்றம், குடித்தபின் வாயில் தோன்றும் இனிப்பைக் குறிக்கும் ஹுய்-கான் என்ற சொல்லில்தான். வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘பின்சுவை’ என்று வைத்துவிடலாமே. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்.

புழக்கத்தில் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன். குடித்தபின் வாயில் எது நின்றாலும் அது பின்சுவை. புகை நாற்றம் நின்றாலும், காய்ந்த கசப்பு நின்றாலும் பின்சுவைதான். ஹுய்-கான் அப்படியல்ல. முதலில் கசந்தோ துவர்த்தோ இறங்கியது, விழுங்கிச் சற்று நேரம் கழித்து இனிப்பாக மாறி வருவது. ‘கான்’ என்றால் இனிமை. அந்தச் சொல் இல்லாத பெயர் பாதிப் பெயர்தான்.

> ‘மீளினிப்பு’. ‘ஹுய்’ என்றால் மீள்தல் என்பதால் நேர்ப்பொருள்.

மூன்று நாள் நானும் இதைத்தான் ஆதரித்தேன். ஆனால் நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை: முன்பே வந்து போனதுதானே மீளும், இங்கே இனிப்பு முதலில் எங்கே இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை இதற்காகவே மறுபடி போட்டுப் பார்த்தேன். சீனத்தின் வூயி மலையில் விளையும் ரோவ்-குய் என்ற ஊலாங். ஆறு கிராம் இலை, 110 மில்லி பிடிக்கும் மூடிக்கிண்ணம், கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பத்து விநாடி. (கைவான் என்பதற்கு மூடிக்கிண்ணம் என்றே எழுதுகிறேன். சீனப் பெயரின் பொருளும் அதுதான்.) முதல் நீரில், அதாவது முதல்முறை ஊற்றி எடுத்ததில், கரிச்சூட்டில் வாட்டிய மணம்தான் மேலோங்கி இருந்தது. இரண்டாம் நீர் நாக்கின் இரு ஓரங்களையும் பிடித்து இழுத்தது, நல்ல துவர்ப்பு. விழுங்கிவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அரை நிமிடம் போயிருக்கும். நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரந்தது, அந்த நீரே இனித்தது. மேலேயிருந்து எதுவும் திரும்பி வரவில்லை, அடியிலிருந்து ஊறி வந்தது. அதனால் ‘ஊறினிப்பு’ என்று முன்மொழிகிறேன். ஊறு + இனிப்பு, வினைத்தொகை. ஹுய்-கானோடு சேர்த்தே சீனர்கள் சொல்லும் ஷெங்-ஜின், அதாவது வாயில் நீர் சுரப்பது, அதுவும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஊறுகாய் நினைவுக்கு வரும், பாகில் ஊறிய பலகாரம் நினைவுக்கு வரும் என்று மறுப்பு வருமென்று தெரியும். ஊறுதல் என்றால் ஊறவைப்பது மட்டும்தானா? மணற்கேணியில் நீர் ஊறுகிறது. வாய் ஊறுகிறது. ‘வாலெயிறு ஊறிய நீர்’ பாலும் தேனும் கலந்ததுபோல் இருக்கிறது என்று 1121ஆம் குறள் சொல்கிறது. வாயில் ஊறும் நீருக்கு இனிப்பைச் சேர்த்துப் பேசுவது நமக்குப் புதிதே அல்ல.

> ‘நெல்லியினிப்பு’. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அதுதான் இது.

இந்த மடலைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். காரணம் இது: சீன மொழியில் நெல்லிக்காயின் பெயரே யூ-கான்-ட்சு. ‘யூ-கான்’ என்றால் எஞ்சி நிற்கும் இனிப்பு. சீனக் கவிஞர் யுவான் மெய் 1786ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வூயி மலைக்குப் போனார். அதுவரை அந்தத் தேநீர் மருந்துபோல் கசக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தவர் அவர். அங்கிருந்த துறவிகள் அக்ரூட் கொட்டை அளவுக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். சட்டென விழுங்க மனம் வராமல் முதலில் முகர்ந்து, பிறகு மெல்ல மெல்லச் சுவைத்துக் குடித்தார். நாவில் ‘யூ-கான்’ நின்றது என்று தம் சமையல் நூலில் எழுதினார். நெல்லியின் பெயரில் இருக்கும் அதே சொல்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்சீனத்தில் பச்சையாக மெல்லும் சீன ஆலிவ் காய்க்கு ‘ஜியென்-குவோ’ என்று ஒரு பெயர் உண்டு. இடித்துரைக்கும் கனி என்று பொருள். நேர்மையான அறிவுரைபோல முதலில் கசந்து பிறகு இனிப்பதால் வந்த பெயர். மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் என்று நம் வீடுகளில் சொல்வதை, அங்கே வேறொரு காயை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் ‘நெல்லியினிப்பு’ வேண்டாம் என்றே சொல்வேன். சுவைக்குறிப்பில் ஆர்க்கிட் மணம், பீச் மணம் என்று வரிசையாக எழுதிவிட்டு நெல்லியினிப்பு என்று எழுதினால், தேநீரில் நெல்லிக்காய்ச் சுவை இருக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பெயராக வேண்டாம், விளக்கமாக இருக்கட்டும். சொற்பட்டியலில் ‘ஊறினிப்பு: நெல்லிக்காய் தின்றபின் வருவது போன்றது’ என்று எழுதினால் வேறு விளக்கமே தேவைப்படாது.

அடுத்து ‘யுன்’ என்ற சீனச் சொல். அகராதிப்படி எதுகை, இயைபு என்று மொழிபெயர்த்தவர்கள் பிழை செய்யவில்லை. ஆனால் தேநீரில் அதன் பொருள், சுவை அடங்கிய பிறகும் நீண்டு நிற்கும் நிறைவு. வூயி பாறைத் தேநீருக்கு யென்-யுன், அன்ஷி வட்டாரத்தின் தியெ-குவான்-யின் என்ற ஊலாங்குக்குக் குவான்-யின்-யுன், தொண்டையில் நிற்பதற்கு ஹோவ்-யுன். பாடகர் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டி நிற்பதை நாம் கார்வை என்கிறோம். பாறைக் கார்வை, தொண்டைக் கார்வை என்று வைக்கலாமா? கார்ப்போடு குழம்பும் என்ற அச்சம் எனக்கும் இருக்கிறது, இசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரே இலையில் திரும்பத் திரும்ப ஊற்றி எடுப்பதற்கு முதல் நீர், இரண்டாம் நீர் என்றே மேலே எழுதியிருக்கிறேன். தேங்காய்க்கு முதல் பால், இரண்டாம் பால் என்பதுபோல. இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஊலாங்கை ஊலாங் என்றே விடுவோம், சீனத்தில் அதன் பொருள் கரிய டிராகன் என்பதற்காக ‘கருநாகத் தேநீர்’ என்று பெயரைப் பெயர்க்க வேண்டாம்.

சொற்களைத் தனியே பார்ப்பதைவிட ஒரு குறிப்பில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஞாயிறன்று நான் எழுதியது:

‘மூன்றாம் நீரில் துவர்ப்பு தணிந்தது. நான்காம் நீரில் ஊறினிப்பு நாக்கடியில் தொடங்கித் தொண்டைவரை இறங்கியது. கிண்ணம் ஆறியபின்னும் கார்வை நின்றது.’

வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எந்தச் சொல் இடறுகிறது என்று எழுதுங்கள்.