ஏழு நாள் கெடு

கரஸ்ல, அதான் அஞ்சல்வழியில படிச்சு மேல வந்தவங்க, உங்களைப் படிக்க வெச்சவங்களைப் பத்தி எழுதுங்கன்னு இந்தப் பக்கத்துல கேட்டிருந்தீங்க. எனக்கு அப்படி இருந்தவர் பேராசிரியர் இல்லை. எங்க ஊர் கிளைத் தபால் நிலையத்து போஸ்ட்மாஸ்டர் ஐயா.

கரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஊர். தபால் நிலையம் என்றால் தனிக் கட்டடமெல்லாம் கிடையாது, ஐயா வீட்டுத் திண்ணைதான். ஒரு மர மேசை, தராசு, தேதி முத்திரை, கோந்துக் கிண்ணம். காலை பத்தரை பஸ்ஸில் தபால் பை வரும். ஐயாவே பிரிப்பார், ஐயாவே சைக்கிளில் போய்ப் பட்டுவாடா செய்வார். மதியத்துக்கு மேல் பையைக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்து, திரும்பி வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அரை நாள் வேலை, மீதி நேரம் காட்டில் சோளமும் எள்ளும்.

மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது 1971ல். அதற்கு மூன்று நான்கு வருடம் கழித்து, ஊருக்குள் ஒரு வாத்தியாருக்குப் பாடக் கட்டு வர ஆரம்பித்திருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்த ஐயா, "இதுல என்னங்க இருக்குது?" என்று கேட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு பாடம் படித்துப் பார்த்தாராம். அடுத்த வருடம் அவர் பெயருக்கும் ஒரு கட்டு வந்தது. அவருக்கு அவரே பட்டுவாடா செய்து, அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். பி.யூ.சி. என்ற அந்தக் காலப் புகுமுக வகுப்போடு நின்றிருந்தவர் அப்படியே பி.ஏ., பிறகு எம்.ஏ. வரலாறு.

அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. மணியார்டர் கொடுக்கப் போகிற வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை சும்மா இருந்தால், பணத்தை எண்ணிக் கொடுத்த கையோடு விண்ணப்பத்தையும் நீட்டுவார். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வைக்கிற பையன்களிடம், கொசுவலைத் தறியில் இருப்பவர்களிடம், எல்லோரிடமும் ஒரே பேச்சு. கட்டணத்துக்கு டி.டி. (வங்கி வரைவோலை) எடுக்கத் தெரியாதவர்களுக்குப் பேங்க் வரை கூடவே வருவார். என் கணக்குக்குப் பதினேழு பேர், விட்டுப்போனவர்களும் இருக்கலாம்.

திண்ணைச் சுவரில் ஒரு செய்தித்தாள் நறுக்கு ஒட்டியிருந்தது. 1990ல் வா.செ. குழந்தைசாமி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானபோது வந்தது. "அவரு ஊரு வாங்கலாம்பாளையம், அம்மணி, நம்ம பக்கத்து ஊரு. நாடு பூராவுக்கும் வீட்டுலயே படிக்கிறதுக்கு வழி பண்ற எடத்துல நம்ம ஊர்க்காரர் உக்காந்திருக்கறார். நீ கரூர் தாண்டறதுக்கு யோசிக்கற" என்பார். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒன்பது வருடம் துணைவேந்தர், நீரியல் விஞ்ஞானி, குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் கோந்துக் கறையோடு அந்த நறுக்கு மட்டும்.

1994ல் நான் பிளஸ் டூ முடித்தேன். பெட்ஷீட் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. அடுத்த வருடம் ஐயா சொல்லித்தான் அப்பா பி.ஏ.வுக்குச் சம்மதித்தார். முதல் வருடம் தமிழில் நல்ல மதிப்பெண், ஆங்கிலத்தில் 27. தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அத்தை வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சும் எழுந்தது. படிப்பு போதும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டாம் வருடக் கட்டு பதிவுத் தபாலில் வந்தது. சைக்கிள் மணி கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அம்மா வாசலில், "அவ இல்லீங்க" என்றார். அடுப்படி ஜன்னல் வழியே என் பாவாடை தெரிந்திருக்கும், ஐயாவுக்குத் தெரியாமலா இருக்கும்? "சரிங்க" என்று போய்விட்டார்.

அதற்குப் பின்னால் இருந்த சூட்சுமம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. வாங்க மாட்டேன் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால், 'வாங்க மறுத்தார்' என்று எழுதி உடனே திருப்ப வேண்டியதுதான். ஆள் இல்லை என்றால் ஏழு நாள் வைத்திருக்கலாம். என்னை நேரில் கூப்பிட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொண்டார்.

மறுநாளும் வந்தார். மணி அடித்து, வாசலில் நின்றே, "இன்னைக்கு ரெண்டாம் நாளுங்க" என்றார். மூன்றாம் நாள். நாலாம் நாள். ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லாத நாளிலும் கட்டை எடுத்துக்கொள்ளாமல் வெறும் சைக்கிளில் வந்து கணக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாளும் புத்தி சொல்லவில்லை, அப்பாவிடமும் புகார் வைக்கவில்லை.

ஏழாம் நாள் அவர் வரவில்லை. பத்தரை பஸ் வந்து போன சத்தம் கேட்டது. மணிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை. மதியம் எழுந்து திண்ணைக்குப் போனேன். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, அரக்கு உருகிச் சொட்டுகிற நிலையில் இருந்தது, பையின் வாய் பாதி கட்டியிருந்தது. என் கட்டு பைக்குள் இல்லை, தராசுத் தட்டில் இருந்தது. ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு, "கையெழுத்துப் போடு கண்ணு, பஸ் வந்துரும்" என்றார்.

ஆங்கிலத்துக்கு அவர் செய்த வைத்தியம் வேறு. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, ஊர்க்காரர்களுக்கு மணியார்டர் படிவமும் முகவரியும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். ராணுவத்தில் இருந்த மகனுக்கு ஒரு பாட்டி எழுதச் சொன்ன முகவரியை நான்கு தடவை அடித்து எழுதினேன். பதினைந்து நாளில் அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தபோது, ஐயா அதை முதலில் என்னிடம்தான் காட்டினார். "உன்ற இங்கிலீசு காஷ்மீர் போயிட்டு வந்துருச்சு பாரு." அந்த வருடம் ஆங்கிலத்தில் 51.

பி.ஏ., எம்.ஏ. இரண்டும் கரஸில் முடித்து, கல்லூரிக்குப் போய் பி.எட். படித்து, இன்று அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை.

*

மதுரையிலிருந்து:

அக்கா, உங்க கட்டைக் கட்டின கை என்னுடையதாகவும் இருக்கலாம். 90களில் பல்கலைக்கழகப் பாடங்களைக் கட்டி அனுப்புகிற இடத்தில் தினக்கூலியாக இருந்தேன். பாடங்களை எண்ணி அடுக்கி, பழுப்புத் தாள் சுற்றி, சணல் போட்டு, முகவரி ஒட்டணும். கட்டுக் கட்டிக் கட்டி ஆள்காட்டி விரல் வெடிச்சிருக்கும்.

எங்களுக்கு மேலே ஒரு பிரிவு அலுவலர் இருந்தார். பின்கோடு இல்லாத முகவரியை ஒட்டவே விடமாட்டார். பெரிய பின்கோடு புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரே தேடி எழுதுவார். நாங்கள் சலித்துக்கொண்டால் அருகில் உட்கார வைத்து விவரமாகச் சொல்வார். 1962ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது எத்தனை பேர் கேலி பேசினார்கள், ஒன்பது வருடத்தில் மதுரைக்கு வந்துவிட்டதே, 1979ல் அண்ணாமலை, 1981ல் சென்னை என்று வரிசையாகச் சொல்வார். "காலேஜ்ல ஒரு பையன் வகுப்புக்கு வரலைன்னா அது அவன் தப்பு. நம்ம பையனுக்கு வகுப்பு போய்ச் சேரலைன்னா அது நம்ம தப்பு" என்று அவர் சொன்னதை இன்றும் அப்படியே ஒப்பிப்பேன்.

அச்சுப் பிசகிய பாடங்களைக் கழித்துப் போடுவார்கள். அதில் பி.காம். பாடங்களை எனக்காக அவர் எடுத்து வைத்தார். பணம் கட்டிச் சேர்ந்த பிறகு எனக்கென்று வந்த நல்ல கட்டைப் பிரிக்க மனசு வராமல் ரெண்டு நாள் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன். அவர் இப்போது இல்லை. உங்க போஸ்ட்மாஸ்டர் ஐயாவும் எங்க சாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை, ஆனால் அந்தக் கட்டின் ரெண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தான்.

*

ஓசூரிலிருந்து:

நான் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழக மாணவன். பத்தாவதோடு ஃபேக்டரிக்கு வந்தவன். பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு பி.பி.பி. என்று ஆறு மாத ஆயத்தப் படிப்பு உண்டு என்று சொல்லி, என்னை ஸ்டடி சென்டருக்கு இழுத்துப்போனவர் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் ராத்திரி ஷிப்ட் பார்க்காமல் ஞாயிறு வகுப்புக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சனி ராத்திரியைத் தன் பெயரில் மாற்றிக்கொண்டவர். மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்கலாம் என்று விதி இருக்கிறதே, அதை நான் முழுசாகப் பயன்படுத்தினேன். அசைன்மென்ட் கடைசித் தேதிகளை என் லாக்கர் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தவரும் அவர்தான்.

இக்னோ 1987ல் முதல் வகுப்பு தொடங்கியபோது மொத்தம் 4,528 மாணவர்கள், ரெண்டே ரெண்டு டிப்ளமா. அதற்கு அடித்தளம் போட்ட ராம் ரெட்டி, அதற்கு முன்பு 1982ல் ஆந்திராவில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நடத்திக் காட்டியவர். அவர் இருந்த இக்னோ துணைவேந்தர் நாற்காலியில்தான் பிறகு நம் குழந்தைசாமி ஐயா உட்கார்ந்தார்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும், இன்றைக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்காக. ஒரு நேர்முகத் தேர்வில் என் சான்றிதழைப் பார்த்ததும், "ரெகுலர் இல்லையா?" என்று கேட்டு மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். வெளியே வந்து அழுதேன். இப்போது யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 ஒழுங்குமுறை விதிகளில் 22ஆவது விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கிய பட்டம், நேரில் போய்ப் படித்த அதே பட்டத்துக்குச் சமம். அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். சேருவதற்கு முன்னால், நீங்கள் சேரும் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி. தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள்.

*

ஜெர்மனியிலிருந்து:

குழந்தைசாமி ஐயாவின் பெயரைப் பார்த்ததால் எழுதுகிறேன். 2001ல் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதை வழிநடத்தியவர் அவர். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் பாடம் நடத்தத் தொடங்கியபோது என்னிடம் ஒரு புத்தகமும் இல்லை. அங்கிருந்த மழலைக் கல்விப் பாடங்களை வைத்துத்தான் 'அ' எழுத வைத்தேன். ஐயாவை நான் பார்த்ததில்லை. 2016 டிசம்பரில் அவர் மறைந்த செய்தி வந்த வாரம், பிள்ளைகளிடம் அவர் யார் என்று சொல்லி, அவர் பெயரைப் பலகையில் எழுத வைத்தேன். 'ழ' எல்லோருக்கும் சரியாக வந்தது.

*

மீண்டும் கரூரிலிருந்து:

மதுரைத் தம்பி, உங்க பதிவை ஐயாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரிவதில்லை. "சணல் முடிச்சு அவுக்க முடியாத மாதிரி போடுவாங்க, கெட்டிக்காரப் பசங்க" என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். துணிக்கடையில் வேலை, வீட்டில் ஆதரவு குறைவு. அவளை ஐயாவிடம் ஆசீர்வாதம் வாங்கக் கூட்டிப்போனேன். போனிலேயே பாடம் வந்துவிடும், வீடியோ, பரீட்சை எல்லாம் அதிலேயே என்று விளக்கிச் சொன்னேன். ஐயா கவனமாகக் கேட்டார்.

"அப்பக் கட்டு எதும் வராதா?"

"வராதுங்க ஐயா."

"அப்ப இந்தப் புள்ள பாதியில நின்னுட்டா யாருக்குத் தெரியும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் தலையணைக்கு அடியிலிருந்து சின்ன டைரியை எடுத்து, அவளுடைய போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். நேற்று அந்தப் பெண் எனக்கு அழைத்துச் சொன்னாள், தினமும் காலை பத்தரைக்கு ஐயா போன் வருகிறதாம்.