மெசினத் தூக்கிட்டு போனப்போ நடந்த கதைகள போடுங்க

மேக்கணக்கு:

இலங்கை மலையகத்துல தலவாக்கலைப் பக்கம் நான். கொஞ்ச நாளா மெட்டல் டிடெக்டர் பழகிட்டு இருக்கேன், பெரிய மெசின் எல்லாம் இல்ல, கட்டார்ல இருந்து வந்த மச்சான் பாவிச்சிட்டு விட்ட பழைய காரெட் ஏஸ் 250. நம்ம ஊர்ல இத தோள்ல போட்டுட்டு ரோட்டுல எறங்குனா மொதல்ல வர்ற கேள்வி "என்ன தம்பி, புதையலா?" அடுத்தது "மாணிக்கம் காட்டுமா?" காட்டாதுங்க. மெசின் தட்டுல இருந்து ஒரு காந்தப் புலம் மண்ணுக்குள்ள போகுது, உலோகம் இருந்தா அதுல சின்னதா கரண்ட் ஓடும், அதத்தான் திரும்ப வாங்கி சத்தமா போடுது. மாணிக்கத்துல கரண்ட் ஓடாது, அவ்வளவுதான் விசயம். இத நான் ஓட்டோ ஸ்டாண்டுல, கடையில, கோயில் வாசல்ல எல்லாம் வெளக்கியாச்சு, ஒருத்தரும் நம்பல, நான் எதையோ மறைக்கிறேன்னுதான் நெனைக்கிறாங்க.

நான் சொல்ல வந்தது வேற. எங்க வீட்டுக்கு பின்னால லீக்ஸ் போட்ட பாத்திய அறுவடை முடிஞ்சதும் மெசின்ல பாத்துட்டு இருந்தேன், சோடா மூடி, மீன் டின், டோர்ச் பெட்ரி, கூரைத் தகரத்து ஆணி, இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பெரியம்மா வேலியில சாஞ்சு நின்னு ரொம்ப நேரமா பாத்துட்டு, "அங்க என்னாத்தடா தேடுற, அது குப்ப கொட்டுன எடம், பழைய லயம் இருந்தது இந்தப் பக்கம், பீலி இருந்தது அந்த கொய்யா மரத்துக்கிட்ட"ன்னாங்க. பீலின்னா தண்ணி புடிக்க எல்லாரும் வந்து நிக்கிற எடம், முந்தானையில முடிஞ்ச காச அவுத்து முடியிற எடம். அங்க போயி தட்டுன மெதுவா ஆட்டினேன், தெளிவா ஒரே மாதிரி சத்தம், ஒரு சாண் ஆழம் கூட இல்ல. 1944ம் வருசத்து ரெண்டு சதம், ஓரம் எல்லாம் பூ இதழ் கணக்கா நெளிஞ்சு, ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் தலை. பெரியம்மா கையில வாங்கி பாத்துட்டு "இதுக்கு முட்டாசி வாங்கித் தின்னுருக்கேன்"ன்னு சொல்லிட்டு சேலையில தொடச்சு முடிஞ்சிக்கிட்டாங்க. திருப்பி கேக்க எனக்கு வாய் வரல.

மெசின் வாங்குற காசுல பாதிக்கு வயசானவங்களுக்கு தேத்தண்ணி வாங்கி குடுத்து கதைச்சா போதும்னு இப்ப தோணுது. உங்க கதைய போடுங்க.

முகமாலை ரிட்டர்ன்:

எங்க வீட்டு ஆளுங்க 77 கலவரத்துக்கு அப்புறம் மலைய விட்டு கிளிநொச்சிக்கு போனவங்க. நான் அங்க கொஞ்ச காலம் மிதிவெடி எடுக்கிற வேலையில இருந்துட்டு இப்ப ஹட்டன்ல இருக்கேன். அந்த வேலையில மெசின் கத்துனா அது ஆணியா தகரமான்னு யோசிக்கிறதே கெடையாது, எல்லாத்தையும் வெடின்னு நெனச்சே பக்கவாட்டுல இருந்து கொஞ்சங்கொஞ்சமா மண்ணை எடுக்கணும். அதனால எனக்கு இந்த ஹொபி காரங்க இரும்புக்கு சத்தம் போடாம தள்ளி விடுற செட்டிங்க போட்டுட்டு நடக்குறத பாத்தா இப்பவும் கை நடுங்கும்.

புதுசா வர்றவங்களுக்கு சொல்றேன், ஆரம்பத்துல அந்த செட்டிங்க ஓப் பண்ணி வைங்க, எல்லா சத்தத்தையும் தோண்டுங்க. காது பழகணும். இரும்பு ஆணி ஒடஞ்ச சத்தமா வரும், ஒரு பக்கம் இருந்து கேக்கும், சுத்தி வந்து குறுக்கால ஆட்டினா காணாம போகும். காசு எந்தப் பக்கம் இருந்து ஆட்டினாலும் ஒரே சத்தம். பெரிய தகரத் துண்டு மட்டும் ஏமாத்தும், வெள்ளி மாதிரியே பாடும், அதுக்கு தட்டை கொஞ்சம் தூக்கிப் பாருங்க, ஒரு அடி ஒசரத்துலயும் அதே சத்தம் வந்தா அது காசு இல்ல.

நம்ம செம்மண்ணுல இரும்புச் சத்து கூட, சும்மா மண்ணுக்கே மெசின் கத்தும். கொஞ்சம் வெல கூடுன மெசின்ல மண்ணுக்கு ஏத்த மாதிரி திருப்பிக்கலாம், மேக்கணக்கு கிட்ட இருக்கிற ஏஸ்ல அது இல்ல, அதனால சென்சிட்டிவிட்டிய ரெண்டு படி கொறச்சிட்டு மெதுவா போங்க. ஆழம் கொறையும், ஆனா தலைவலி கொறையும்.

ஒண்ணு மட்டும். ஆசையில இத தூக்கிட்டு வடக்குப் பக்கம் போயிராதீங்க. மலையில எங்கயாச்சும் தோட்டாவோ குண்டு மாதிரியோ வந்தாலும் அப்பிடியே விட்டுட்டு 119க்கு எடுங்க.

சாமிமலை சிறுசு:

போன பெரிய வெயிலுக்கு மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வத்துனப்போ பழைய மஸ்கெலியா டவுன் வெளிய வந்திச்சு தெரியும்தானே, 60கள்ல டேம் கட்டுறப்போ தண்ணிக்குள்ள போன டவுன். கோயில், பள்ளிவாசல், விகாரை மிச்சம் எல்லாம் தெரியும். நானும் கூட்டாளியும் மெசினோட போனோம், ஆனா அங்க சனம் கற்பூரம் கொளுத்தி கும்புட்டுட்டு நிக்கிறாங்க, அதுக்கு நடுவுல மெசின எடுக்க மனசு வரல, ஓட்டோவுலயே வச்சிட்டு நடந்தோம். ஒரு தாத்தா சேத்துல கம்ப ஊண்டி ஊண்டி எங்கள கூட்டிட்டு போயி "இது பஜார், இது எங்கப்பா சாமான் வாங்குன கடை, இது சலூன்"ன்னு வெறும் அத்திவாரத்த காட்டி காட்டி சொல்றாரு, கண்ணாடிய கழட்டி தொடச்சிக்கிறாரு.

திரும்பி வந்தா ஓட்டோக்கு பக்கத்துல பொலிஸ் ரெண்டு பேர். யாரோ கோல் எடுத்து சொல்லிருக்காங்க. "நிதன் ஹாரனவாத?"ன்னு, புதையல் தோண்டுறீங்களான்னு சிங்களத்துல கேட்டாங்க. பேக்க தொறந்து காட்டினோம், போன வாரம் தோண்டுன சோடா மூடியும் துருப்புடிச்ச, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியும்தான் இருந்திச்சு. பெரிய ஐயா கத்திய எடுத்து திருப்பி திருப்பி பாத்து சிரிச்சிட்டாரு, ஆனா பேரு, அடையாள அட்டை நம்பர் எல்லாம் எழுதிட்டுத்தான் விட்டாரு. புதையல் பூசைக்கு கொண்டு போற சேவலும் பூசாரியும் இல்லாததுனால தப்பிச்சோம்னு கூட்டாளி வழி நெடுக சொல்லிட்டே வந்தான்.

பண்டாரவளை அக்கா:

சிறுசு தம்பி, நீங்க சிரிச்சிட்டு வந்துட்டீங்க, ஆனா சட்டம் சிரிக்கிற மாதிரி இல்ல. 1940ம் ஆண்டு 9ம் இலக்க தொல்பொருள் கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. 1815 மார்ச் 2க்கு முந்தின சாமான் எல்லாம் தொல்பொருள் கணக்குல வரும், அதாவது கண்டி ராச்சியம் வெள்ளக்காரன் கைக்கு போன அந்தத் தேதி. கண்டுபிடிக்காம மண்ணுக்குள்ள கெடக்குற தொல்பொருள் அரசாங்கத்து சொத்து. அத தேடி தோண்டுறதுன்னா சொந்தக் காணியா இருந்தாலும் லைசன் வேணும். விகாரை, பழைய கோயில், கல்வெட்டு இருக்கிற மலை, இதுக்கு கிட்டயே போகாதீங்க. நம்ம தோட்டம் எல்லாம் கோப்பி, தேயிலைன்னு அந்தத் தேதிக்கு பொறகு வந்ததுதான், அதுலயும் காணி அரசாங்கத்தோடது, கம்பனி குத்தகைக்கு வச்சிருக்கு, தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட எழுத்துல அனுமதி வாங்காம தேயிலைக்குள்ள மம்பட்டி போடக்கூடாது. வேருல வெட்டுனா மலையில வேலைய மேற்பார்வை பாக்குற கண்டாக்கையா உங்கள வெட்டுவாரு.

இன்னொரு கதை. என் தம்பி வீட்டு முத்தத்துல 1870ம் வருசத்து ஒரு சதம் எடுத்தான், செம்புக் காசு, ஒரு பக்கம் விக்டோரியா ராணி, மறு பக்கம் தாளிப்பனை மரம், ஓலை எல்லாம் எண்ணலாம் போல இருந்திச்சு. அம்மா அத பாத்துட்டு கறுப்பா இருக்கேன்னு குத்துவெளக்கோட சேத்து புளி போட்டு தேச்சு வச்சிருக்காங்க. பளபளன்னு இருக்கு, ஓலையக் காணோம். தண்ணியில ஊற வச்சு மண்ணை மட்டும் எடுங்க, அதுக்கு மேல கை வைக்காதீங்க, அம்மா கண்ணுல படாம வைங்க.

எங்க வீட்டுல கெடச்ச நல்ல சாமான் மெசின்ல வந்தது இல்ல. அப்பாயியோட ட்ரங்குப் பெட்டி அடியில ஒரு சின்ன தகர வில்லை, ஓட்ட போட்டு, எழுத்தும் நம்பரும் குத்தி இருந்திச்சு. 1900க்கு அப்புறம் இந்தியாவுல இருந்து ஆள் கூட்டிட்டு வந்தப்போ எந்த தோட்டத்துக்கு போகணும்னு கழுத்துல மாட்டி விட்ட தகர டிக்கெட். மண்ணுல கெடந்திருந்தா எப்பவோ துருவா போயிருக்கும். தம்பி அத மெசின்ல வச்சு பாத்தான், குப்பைன்னு காட்டுது!

பணியக்கணக்கு:

அக்கா சொன்னத படிச்சிட்டுத்தான் தொரைய பாக்க ஓபிசுக்கு போனேன். காலையில ஆளுங்கள கூப்பிட்டு வேலை பிரிச்சு குடுக்குற பழைய பெரட்டுக்களத்துல பாக்கணும்னு கடிதம் எழுதிட்டு போனேன். எங்க தாத்தா வேற "அங்க முனி இருக்கு, கெடா வெட்டாம தொடாத"ன்னு ஒரு பக்கம். தொரை கடிதத்த படிச்சிட்டு, இந்த மெசின் இரும்பு காட்டுமான்னு கேட்டாரு. காட்டும்னேன். அப்ப மொதல்ல இஸ்டோருக்கு (தேயிலை பெக்டரிக்கு) போற தண்ணி லைனோட வால்வ தேடிக் குடு, ரோட்டுக்கு மண்ணு போட்டப்போ மூடிட்டாங்க, எங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியலன்னாரு. மெசின போட்டு அரை நாள்ல வால்வ எடுத்தோம். முழு தோட்டமும் வந்து நின்னு பாத்திச்சு, முனி கதைய ஒருத்தரும் எடுக்கல.

பெரட்டுக்களத்துல இன்னும் ஒண்ணும் கெடைக்கல, ரெண்டு மாட்டு லாடம்தான். அட்டை மட்டும் நல்லா ஏறுச்சு, உப்புத் துணி கட்டிட்டு போங்க. குழிய திருப்பி மூடி மிதிச்சு விடுங்க, கொழுந்து எடுக்கிறவங்க கால் வச்சா சுளுக்கிக்கும்.

இப்ப பிரச்சினை என்னன்னா தோட்டத்துல யாருக்கு எது தொலஞ்சாலும் எனக்குத்தான் கோல் வருது. நேத்து ஒரு அக்கா மலையில மூக்குத்தி வுழுந்துடுச்சுன்னாங்க. அவ்வளவு சின்ன தங்கம் என் மெசினுக்கு கேக்காதுக்கா, தோடுன்னா சொல்லுங்க வர்றேன்னேன். இன்னைக்கு காலையில தோடும் தொலஞ்சிருச்சாம்.