புதுப்பிப்பு: நான்கு ரேம் ஸ்டிக் சிக்கல் தீர்ந்தது
ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸரோடு 6000 வேக (MT/s) டிடிஆர்5 ரேம் ஸ்டிக் நான்கு போட்டு, எக்ஸ்போவை (ரேமை அதில் குறித்த வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) ஆன் செய்தால் திரையே வரவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். ரேமில் பழுதில்லை. நான்கு ஸ்டிக் போட்டால் அந்த பிராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600தான். இரண்டு என்றால் 5200. அதற்கு மேலே எல்லாம் ஓவர்கிளாக்கிங், அதாவது நிறுவனம் சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுவது.

இப்போது 16 ஜிபி ஸ்டிக் இரண்டை மட்டும், பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4ஆவது ஸ்லாட்டில் செருகினேன். மறுபடியும் கறுப்புத் திரை, மதர்போர்டில் ரேம் விளக்கு மட்டும் எரிந்தது. தயவுசெய்து அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள், அது மெமரி டிரெயினிங், அதாவது புது ரேமோடு ஒத்துப்போக கணினி தன்னைச் சரிசெய்துகொள்வது, சில நிமிடம் பிடிக்கும். அப்புறம் கணினி 6000 வேகத்தில் பூட் ஆனது. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டாக, ஒரே பெட்டியில் வருவதாக வாங்குங்கள்.