நரிக்குறவர் பையன் மேல் திருட்டுப் புகார்: எஃப்.ஐ.ஆர். இல்லாமல் முடிக்க வழி உண்டா?

வடவாறு:
கும்பகோணம் பக்கம் ஒரு நரிக்குறவர் காலனி. மோட்டார் கொட்டகையில் செப்புக் கம்பி எடுத்ததாகச் சொல்லி 15 வயசுப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு என்கிறார்கள். பெற்றவர்கள் முதலில் என்ன செய்ய வேண்டும்?

குடமுருட்டி:
பிடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தில் (18 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் மேலான வழக்கை விசாரிக்கும் அமைப்பு) நிறுத்தியாக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அலுவலர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். கொடுங்குற்றமாகவோ (குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம் உள்ள குற்றம்) பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லையென்றால் எஃப்.ஐ.ஆரே கிடையாது. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிவு, கூடவே பையனின் குடும்பம், சூழல் பற்றிப் போலீஸ் எழுதும் சமூகப் பின்னணி அறிக்கை, அவ்வளவுதான். இதனாலேயே புகாரில் பையனின் சித்தப்பன் மாதிரி ஒருவர் பெயர் நுழையலாம். பெரியவர் ஒருவர் சேர்ந்துவிட்டால் எஃப்.ஐ.ஆருக்கு வழி கிடைத்துவிடும். யார் யார் பெயர் இருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்காமல் கைநாட்டு வைக்க வேண்டாம். வெற்றுத் தாளில் வைக்கவே கூடாது. இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அரசலாறு:
கம்பியை எங்கிருந்து எடுத்தான் என்பது பெரிய விஷயம். வரப்போரம் வெளியே கிடந்த கம்பி என்றால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய தண்டனைச் சட்டம்) 303(2): அதிகபட்சம் 3 வருஷம், சிறு குற்றம். பூட்டிய கொட்டகைக்குள் என்று எழுதினால், பொருள் வைத்திருக்கும் கட்டடம் என்று 305 சேரும்: அதிகபட்சம் 7 வருஷம், கடுங்குற்றம் (சிறு குற்றத்துக்கு மேல், கொடுங்குற்றத்துக்குக் கீழ்). சிறு குற்ற விசாரணை 4 மாதம், நீட்டித்தால் இன்னும் 2 மாதம். அதற்குள் முடியவில்லையென்றால் கைவிட்டாக வேண்டும். 305-க்கு அந்தச் சலுகை இல்லை. கொட்டகைக்குக் கதவு, பூட்டு இருந்ததா என்று இன்றைக்கே போட்டோ எடுத்து வக்கீலிடம் கொடுங்கள்.

வடவாறு:
வயசுக்கு ஆதார் மட்டும்தான் இருக்கிறது.

வெண்ணாறு:
ஆதார் போதாது. முதலில் பள்ளிச் சான்று. பிள்ளை ஊர் ஊராகப் போனவன் என்றால் முதன்முதல் சேர்த்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுங்கள். அது இல்லையென்றால் ஊராட்சி, நகராட்சி பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் வயசைக் கணிக்கும் எலும்புச் சோதனை; அதற்குக் குழுமம் உத்தரவிட்ட 15 நாளில் முடிவு வர வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது அந்தப் பின்னணி அறிக்கையைப் பற்றி. குடும்பத்தில் யார் மேலாவது வழக்கு உண்டா என்று அதில் கேட்பார்கள். அங்கே "இந்த ஜனமே இப்படித்தான்" என்ற தொனியில் ஒரு வரி விழுந்தால், குற்றவாளிகளோடு சேர்க்கை என்று சொல்லி ஜாமீனையே மறுக்கலாம். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-லேயே போய்விட்டது. அந்த வரிக்குச் சட்டத்தில் இடமில்லை. நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை தனி, அதற்கு 15 நாள் அவகாசம். அவர் காலனிக்கு வரும் நாளில் அம்மா அப்பா ஊசிமணி விற்கப் போய்விடாமல் வீட்டில் இருக்கட்டும். பையன் போகும் பள்ளி, யார் பொறுப்பில் இருப்பான், இரண்டையும் தெளிவாகச் சொல்லட்டும். அதை வைத்துத்தான் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவதா, சமூக சேவையா, சிறப்பு இல்லமா (தங்க வைத்துச் சீர்திருத்தும் இடம்) என்று குழுமம் யோசிக்கும். ஸ்டேஷனில் அடித்திருந்தால் முதல் ஆஜரிலேயே குழுமத்திடம் சொல்ல வேண்டும்; அதைக் கேட்டு உறுதி செய்வது அவர்கள் கடமை.